ஊட்டி மலை ரயிலைக் கம்ப்யூட்டரில் ஓட்ட எந்த லைப்ரரி?

கேள்வி இது: "நான் குன்னூரில் கல்லூரி மூன்றாம் ஆண்டு. மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயிலை நாமே ஓட்டுவது போல ஒரு விளையாட்டு செய்ய ஆசை. பைத்தான் நன்றாக வரும், சி++ ஓரளவு வரும். 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எஸ்டிஎல், ரேலிப், பைகேம், கோடோ, யூனிட்டி, அன்ரியல், பாக்ஸ்2டி, புல்லட் எல்லாம் பார்த்துவிட்டேன். எதை எடுத்தால் பிறகு வருத்தப்பட மாட்டேன்?"

தம்பி, உங்கள் பட்டியல் கல்யாண வீட்டுச் சாமான் பட்டியல் மாதிரி இருக்கிறது. எல்லாம் இருக்கிறது, என்ன சமைக்கப் போகிறோம் என்பது மட்டும் இல்லை. (புதிதாகப் படிப்பவர்களுக்கு: லைப்ரரி என்றால் யாரோ எழுதிவைத்த, நம் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் நிரல். எஸ்டிஎல், ரேலிப், பைகேம் ஜன்னல் திறந்து வரைய உதவுபவை. கோடோ, யூனிட்டி, அன்ரியல் விளையாட்டு செய்யும் முழுத் தொகுப்புகள். பாக்ஸ்2டி, புல்லட் பொருள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் இயற்பியல் எஞ்சின்கள்.) நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஆரம்பித்தேன், அதுவும் இதே ரயிலை வைத்து. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரயில் என்றால் எடை, சக்கரம், உராய்வு, பெட்டிகளுக்கு நடுவே கொக்கி. அப்படியானால் இயற்பியல் எஞ்சின் வேண்டும் என்று முடிவு கட்டினேன். (இந்தப் பதில் முழுக்க 'எஞ்சின்' என்ற சொல் தொல்லை கொடுக்கும். புகை விடுவதை லோகோ என்று சொல்லிக்கொள்வோம்.) பேர்பெற்ற ஒரு இயற்பியல் லைப்ரரியை எடுத்து, தண்டவாளத்தை முக்கோணங்களாக வரைந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தனிப் பொருளாக வைத்து, பெட்டிகளை மூட்டுகளால் கோத்தேன். சமவெளியில் ஓடியது. கல்லாறு தாண்டி முதல் வளைவு வந்ததும் இரண்டாவது பெட்டி நடுங்க ஆரம்பித்தது. அடுத்த வளைவில் நான்கு பெட்டிகளும் வாணம் போல ஆகாயத்தில் பறந்தன. அதைச் சரிசெய்கிறேன் என்று மூன்று மாதம் போனது.

லைப்ரரி மேல் தப்பே இல்லை. அந்த வகை எஞ்சின்கள் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள்களின் விசைகளைத் திரும்பத் திரும்பத் திருத்தி, சுமாரான விடைக்கு வருபவை. பல டன் லோகோவையும் சில கிலோ பிரேக் கம்பியையும் ஒரே சங்கிலியில் கோத்தால் அந்தத் திருத்தம் சீக்கிரம் விடைக்கு வராது. பாக்ஸ்2டியின் கையேட்டிலேயே எழுதியிருக்கும்: நகரும் பொருள்கள் 0.1 மீட்டர் முதல் 10 மீட்டர் வரை இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும்படி அது சீர்படுத்தப்பட்டிருக்கிறது. அட்டைப்பெட்டி, பீப்பாய், மனிதன், கார் என்று யோசித்துச் செய்தது. ரயில் அந்தக் கணக்கில் வராது.

உண்மையில் ரயிலுக்கு இயற்பியல் எஞ்சின் வேண்டியதே இல்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தண்டவாளத்தை விட்டு இறங்காத வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு எண் போதும்: மேட்டுப்பாளையத்திலிருந்து எத்தனை மீட்டர். அந்த எண்ணைத் தண்டவாளத்தின் வளைகோட்டில் பொருத்தினால் இடம், திசை, சாய்வு மூன்றும் தானாகக் கிடைக்கும். இந்தப் பாதையில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். அவ்வளவும் அந்த ஒரு எண்ணுக்கான அட்டவணைதான். நம் ரயிலில் இன்னொரு சௌகரியமும் உண்டு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவே பற்கள் கொண்ட தண்டவாளம் (பல்தண்டவாளம்) இருப்பதால், அதைக் கடித்துக்கொண்டு ஓடும் லோகோவின் பல்சக்கரம் வழுக்காது. வேறு ரயில் சிமுலேட்டர் எழுதுபவர்கள் மழையில் சக்கரம் வழுக்குவதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு அந்தத் தலைவலி பெரும்பாலும் குன்னூரைத் தாண்டிய பிறகுதான்.

கணக்கு எவ்வளவு எளிது என்று காட்டுகிறேன். அதிகபட்சச் சாய்வு 12-க்கு 1. அந்தச் சாய்வில் ஒரு டன் எடை கீழே உருளாமல் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 815 நியூட்டன் விசை வேண்டும். மொத்த எடையால் பெருக்குங்கள், உருளும் தடையைச் சேருங்கள், லோகோ தள்ளும் விசையிலிருந்து கழியுங்கள், எடையால் வகுங்கள். முடுக்கம் வந்துவிட்டது. லோகோ பின்னால் நின்றுதான் தள்ளும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஏறும்போது பெட்டிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு போகும், கொக்கி இழுபடாது. பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் நிற்பார். விளையாட்டில் அவர்களையும் வைத்தால் ஓட்டுபவருக்குச் சுவாரசியம் கூடும்.

பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் குலுங்குவதைக் காட்ட வேண்டுமென்றால் நடுவே ஒரு ஸ்பிரிங் வையுங்கள். இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள், அப்புறம் லைப்ரரியைக் குறை சொல்கிறார்கள். 10 டன் பெட்டி, மீட்டருக்கு 10 லட்சம் நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங், விநாடிக்கு 60 முறை கணக்கு என்று வைத்துக்கொள்வோம். முதலில் விசையைக் கணக்கிட்டு, பழைய வேகத்தை வைத்து இடத்தை நகர்த்தி, அப்புறம் அந்த விசையால் வேகத்தை மாற்றினால், ஒவ்வொரு தடவையும் குலுக்கல் 1.4 சதவீதம் பெருகும். சின்னத் தொகைதானே என்று தோன்றும். வட்டிக்கு வட்டி போட்டால் ஒரே விநாடியில் இரண்டே கால் மடங்கு. பத்து விநாடியில் பெட்டி பவானி ஆற்றில் கிடக்கும். அந்த இரண்டு வரிகளை இடம் மாற்றி எழுதுங்கள்: முதலில் வேகத்தை மாற்று, பிறகு புது வேகத்தை வைத்து இடத்தை நகர்த்து. குலுக்கல் பெருகாமல் ஒரு வரம்புக்குள் நின்றுவிடும். எந்த லைப்ரரியும் வேண்டாம்.

கூடவே ஒன்று. திரை எத்தனை தடவை வரைகிறதோ அத்தனை தடவை கணக்குப் போடாதீர்கள். உங்கள் மடிக்கணினியில் மூடுபனிக் காட்சி வந்தால் வரையும் வேகம் பாதியாகும், அப்போது ரயிலின் நடத்தையும் மாறிவிடும். கழிந்த நேரத்தை ஒரு உண்டியலில் போட்டுக்கொண்டே வாருங்கள். அறுபதில் ஒரு விநாடி சேரும்போதெல்லாம் ஒரு தடவை கணக்கு, மிச்சம் உண்டியலிலேயே இருக்கட்டும். கோடோவில் இது தயாராகவே இருக்கிறது, இயல்பிலேயே விநாடிக்கு 60 முறை. எஸ்டிஎல், ரேலிப் இரண்டிலும் நீங்களே பத்து வரி எழுத வேண்டும்.

அடுத்தது ஃப்ளோட், அதாவது கணினி தசம எண்களைச் சேமிக்கும் முறை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். மேட்டுப்பாளையத்தைச் சுழியமாக வைத்தால் ஊட்டி காக்கைப் பறப்பில் சுமார் 28 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் 32 பிட் ஃப்ளோட்டால் பிரித்துக் காட்ட முடிந்த மிகச் சிறிய அளவு 512-இல் ஒரு மீட்டர், அதாவது 2 மில்லிமீட்டர். நிலப்படத்துக்கு இது தாராளம். ஆனால் கேமராவைப் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், பற்கள் குளிரில் நடுங்குவது போல நடுங்கும். மேட்டுப்பாளையத்தில் சரியாக இருக்கும், ஊட்டி போகப் போக நடுக்கம் கூடும். 'ஊட்டிக் குளிர்' என்று நண்பன் கிண்டலடித்தான். வழி இரண்டு. தூர எண்ணை டபுளில் (64 பிட் ஃப்ளோட்) வைத்து, வரையும்போது மட்டும் கேமராவிலிருந்து எவ்வளவு தள்ளி என்று கழித்துக் கொடுப்பது ஒன்று. கோடோ 4-ஐ மூலநிரலிலிருந்து இரட்டைத் துல்லியத்தோடு தொகுத்துக்கொள்வது இன்னொன்று. நான் முதல் வழியைத்தான் சொல்வேன், எந்த லைப்ரரிக்குப் போனாலும் கூடவே வரும்.

மலையை எங்கிருந்து எடுப்பது? 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. வடக்கு 11, கிழக்கு 76 என்ற ஒரே கட்டத்துக்குள் மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி மூன்றும் அடங்கிவிடும். 3601-க்கு 3601 புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு பைட், ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு உயரம். இதைப் படிக்க 'ஜிடால்' என்ற பெரிய லைப்ரரியை நிறுவச் சொல்வார்கள். அருமையான லைப்ரரிதான், நிலப்படத் தொழிலே அதன் மேல் நிற்கிறது. ஆனால் ஒரே ஒரு கோப்பைப் படிக்க அது எதற்கு? தேங்காய் உடைக்க ரோடு ரோலர் கொண்டுவந்த கதை. இருபது வரியில் நீங்களே படித்துவிடலாம். ஒரே எச்சரிக்கை: இரண்டு பைட்டுகளில் பெரியது முன்னால் இருக்கும், நம் கணினிகளில் பின்னால் இருக்கும். மாற்றாமல் படித்தால் 330 மீட்டரில் இருக்கும் மேட்டுப்பாளையம் 18,945 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். 2,203 மீட்டரில் இருக்கும் ஊட்டி தரைக்குக் கீழே 25,848 மீட்டரில் புதைந்துவிடும். நான் முதல் தடவை வரைந்த நீலகிரி முள்ளம்பன்றி போல இருந்தது.

தண்டவாளத்தின் உயரத்தை மட்டும் அந்தக் கோப்பிலிருந்து எடுக்காதீர்கள். ரயில் குகைக்குள் போகும்போது அந்தக் கோப்புக்கு மலையின் தலைதான் தெரியும், ரயிலும் மலை மேல் ஏறி இறங்கும். சோலை மரங்களின் உயரமும் ஓரளவு அதில் கலந்திருக்கும். நிலையங்களின் பெயர்ப்பலகையில் கடல் மட்ட உயரம் எழுதியிருக்கும், அவற்றை நடுநடுவே ஆணி அடித்தது போல வைத்து இடையில் சாய்வை நிரப்புங்கள். அளக்கிறேன் என்று தண்டவாளத்தில் நடந்து மட்டும் போய்விட வேண்டாம். கல்லாறு பக்கம் யானை நடமாட்டம் உண்டு.

சரி, இப்போது லைப்ரரிக்கு வருவோம். ஓட்டமும் உயரமும் நீங்களே எழுதிவிட்டீர்கள் என்றால் வெளியிலிருந்து வேண்டியது மூன்றுதான்: ஜன்னல் திறந்து வரைவது, சத்தம், எழுத்து. முதல் இரண்டை யாரும் செய்வார்கள். நம்மை மாட்டிவிடுவது மூன்றாவது.

தமிழ் எழுத்து. வேற்றுநாட்டார் எழுதும் எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இந்த வரிசை இருக்காது. 'கே' என்ற எழுத்தில் க முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், கொம்பு பின்னால். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த வேலையைச் செய்யும், எழுத்துகளைச் சரியான வரிசையில் கோக்கும் லைப்ரரி ஹார்ஃப்பஸ். அது இல்லாத இடத்தில் எழுத்துகள் வந்த வரிசையிலேயே நிற்கும். நான் ஒருமுறை அப்படிப்பட்ட ஒரு லைப்ரரியில் நம் பாதையின் நிலையப் பலகைகளை வரைந்து பார்த்தேன். கேத்தியில் கொம்பு பின்னால் போய்த் தொங்கியது. வெலிங்டன், லவ்டேல், ரன்னிமேடு, மேட்டுப்பாளையம் எல்லாவற்றுக்கும் அதே கதி. குன்னூரில் 'கு' பிய்ந்து க தனியாக, சுழி தனியாக நின்றது. கல்லாறு, அருவங்காடு, ஹில்குரோவ் ஒன்றும் மிஞ்சவில்லை. சேதாரம் இல்லாமல் தப்பியவை இரண்டே இரண்டு: ஆடர்லியும் உதகமண்டலமும்.

அதனால் எந்த லைப்ரரியை எடுத்தாலும் முதல் நாள், முதல் பத்து நிமிடத்தில் 'கேத்தி', 'குன்னூர்' என்று இரண்டு சொல்லை வரைந்து பாருங்கள். கோடோ 4 இதைச் சரியாகச் செய்யும், ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது. பழைய கோடோ 3 செய்யாது. எஸ்டிஎல்லின் எழுத்துத் துணை லைப்ரரி, ஹார்ஃப்பஸ் சேர்த்துத் தொகுத்திருந்தால் செய்யும். ரேலிப் தானாகச் செய்யாது. பலகைகள் பத்துப் பன்னிரண்டுதான் என்றால் அவற்றை முன்கூட்டியே படமாகச் செய்து ஒட்டிவிடலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டுநர் பேச்சு, குறிப்புகள், மதிப்பெண் எல்லாம் தமிழில் ஓட வேண்டுமென்றால் படம் ஒட்டி மாளாது.

இறக்குவதையும் யோசியுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய், மறுநாள் நெட் வரும் ஊர் நம்முடையது. அன்ரியல் பல பத்து ஜிபி, உங்கள் கணினிக்கும் அது பாரம். யூனிட்டி சில ஜிபி. கோடோ அதிகம் போனால் நூற்றைம்பது எம்பி. விளையாட்டை வெளியிடும்போது தேவைப்படும் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்டுகள் தனி, அவை பெரியவை, நெட் நன்றாக இருக்கும் அன்றே இறக்கி வைத்துவிடுங்கள். ரேலிப் சில எம்பிதான், கையேடு தேவையே இல்லாத அளவுக்கு ஒரே தலைப்புக் கோப்பில் எல்லாச் செயல்களும் கிடக்கும்.

ஆயுள் என்று ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் விளையாட்டுத் தொகுப்பான எக்ஸ்என்ஏ மீது ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் சிமுலேட்டரைக் கட்டினார்கள். எக்ஸ்என்ஏ வளர்ச்சி நின்றுபோக, அதே முகப்போடு சமூகம் எழுதிய மோனோகேமுக்கு அது மாற வேண்டி வந்தது. 2023 செப்டம்பரில் யூனிட்டி, ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்துப் பெரிய எதிர்ப்பைச் சந்தித்து, 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. கட்டணம் போனது சரி, நடுவழியில் விதியை மாற்றலாம் என்று தெரிந்துவிட்டதே, அதுதான் பலரை உறுத்தியது. எஸ்டிஎல் 1998-லிருந்து இருக்கிறது, இப்போது மூன்றாம் தலைமுறை. உரிமம் மிகத் தாராளமானது, ரேலிப்பும் புல்லட்டும் அதே வகை. கோடோ, பாக்ஸ்2டி இரண்டும் எம்ஐடி உரிமம், அதுவும் தாராளமானதுதான். ஓப்பன் ரெயில்ஸ் நிரலை எடுத்து உங்களுடையதில் சேர்த்தால் மட்டும் ஜிபிஎல் உரிமம் ஒட்டிக்கொள்ளும், விளையாட்டை வெளியிடும்போது உங்கள் நிரலையும் அதே உரிமத்தில் திறக்க வேண்டும். படித்துக் கற்றுக்கொள்ளத் தடையில்லை.

பைத்தான் நன்றாக வரும் என்றீர்கள். பைகேமில் முப்பரிமாண மலை வேண்டாம், அழுதுவிடும். ஆனால் கணக்குப் பகுதியை முதலில் பைத்தானில் எழுதிப் பார்ப்பது நல்லது. என்றாவது 'குன்னூர் யார்டில் எத்தனை ரயில் காத்திருக்கும்', 'பர்லியாறில் லாரி நின்றால் நெரிசல் எதுவரை நீளும்' மாதிரிக் கேள்வி வந்தால், காத்திருப்பையும் வரிசையையும் கணக்கிடும் சிம்பை என்ற பைத்தான் லைப்ரரி அற்புதமாக இருக்கும், படமே வேண்டாம். சத்தத்துக்கு அதிகம் யோசிக்காதீர்கள். கோடோவில் இருப்பதே போதும், சி-யில் எழுதினால் மினிஆடியோ என்ற சத்த லைப்ரரி.

என் பதில்: கோடோ 4, வரைவதை அதன் 'காம்பேட்டிபிலிட்டி' முறையில் வையுங்கள், கார்டு இல்லாத கணினிக்கு அதுதான் தோது. இயற்பியல் பகுதியைத் தொடவே வேண்டாம். சி++ கற்பதுதான் உங்கள் முதல் ஆசை என்றால் ரேலிப், தமிழ்ப் பலகைகளைப் படமாக ஒட்டிக்கொண்டு. இரண்டில் எதுவானாலும் ஓட்டக் கணக்கு இருக்கும் கோப்புக்குள் அந்த லைப்ரரியின் பெயர் ஒரு இடத்தில்கூட வரக்கூடாது. ஜன்னலே திறக்காமல், கறுப்புத் திரையில் எண்களை மட்டும் அச்சிட்டுக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போய்ச் சேர வேண்டும். அது நடந்துவிட்டால், எடுத்த லைப்ரரி பிடிக்காமல் போனாலும் ஒரு வாரத்தில் வேறொன்றுக்கு மாறலாம். வருத்தப்பட மாட்டேனா என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே உத்தரவாதம் இதுதான்.

முதல் ஓட்டத்தில் என்ன விடை வரும் என்று இப்போதே சொல்கிறேன். கல்லாறு வரை சுமார் 8 கிலோமீட்டர், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 16 நிமிடம். பல்தண்டவாளத்தில் சுமார் 19 கிலோமீட்டர், மணிக்கு 13 தான் அனுமதி, 88 நிமிடம். குன்னூருக்கு மேல் இன்னொரு 19, மீண்டும் 30 வேகத்தில் 38 நிமிடம். மொத்தம் 140 சொச்சம். நிஜ ரயில் ஏறுவதற்கு ஏறக்குறைய 290 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் புரோகிராம் பாதி நேரத்தில் ஊட்டியில் போய் நிற்கும். எங்கே பிழை என்று கணக்கைக் குடைய வேண்டாம். அனுமதித்த வேகத்திலேயே வண்டி எப்போதும் போவதில்லை. ஹில்குரோவ் மாதிரி நிலையங்களில் லோகோ தண்ணீர் பிடிக்கும், குன்னூரில் நீராவி லோகோவைக் கழற்றி டீசலை மாட்டுவார்கள். அந்த நேரமெல்லாம் உங்கள் கணக்கில் இன்னும் ஏறவில்லை. அதற்குக் குன்னூர் நிலையத்தில் கைக்கடிகாரத்தோடு ஒரு காலை நேரம் நில்லுங்கள். வண்டி மேலே வருவது பத்து, பத்தரை மணி வாக்கில்.